ஒரே 2 கிரெடிட், மூன்று வழிகள்: சிஎஸ்இ மாணவர்களின் இன்டர்ன்ஷிப் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான ரெகுலேஷன் 2021-இன்படி, பி.இ. கணினி அறிவியல் (சிஎஸ்இ) மாணவர்கள் ஆறாம் செமஸ்டர் முடிந்த கோடையில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் போக வேண்டும். ஏழாம் செமஸ்டரில் அதை மதிப்பிட்டு 2 கிரெடிட் தருவார்கள். எட்டாம் செமஸ்டரில் ‘புராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்’ என்று இன்னொரு 10 கிரெடிட் இருக்கிறது. ஆக, பட்டம் வாங்கும் முன் இன்டர்ன்ஷிப் வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கே காகிதத்தில் எப்போதோ பதில் எழுதியாகிவிட்டது. அந்தப் பதில் நடைமுறையில் என்ன பாடுபடுகிறது என்பதைத்தான் மூன்று மாணவர்களை வைத்து இங்கே பார்க்கிறேன்.

ஈரோடு–நாமக்கல் வட்டாரத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரி. 2021-இல் சேர்ந்து 2025-இல் முடித்த வகுப்பு. நான் அந்தத் துறையில் பாடம் எடுப்பவன். இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பும் உண்டு. அதாவது போனஃபைடு கடிதம் எழுதித் தருவது, வெளியே போகும் மாணவருக்கான ‘ஆன் டியூட்டி’ பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது, கடைசியில் சான்றிதழ்களை வாங்கி ஃபைல் செய்வது.

காலத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023–24 நிதியாண்டில் டிசிஎஸ் நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. இன்ஃபோசிஸில் 25,994 குறைந்தது. முன்பெல்லாம் ஒரே நாளில் பேருந்து பேருந்தாக ஆள் எடுத்துப் போன நிறுவனங்கள் அந்த ஆண்டு எங்களைப் போன்ற கல்லூரிகளின் பக்கம் எட்டிப் பார்க்கவே யோசித்தன. ‘ரெஸ்யூமேயில் எதையாவது சேர்த்தாக வேண்டும்’ என்ற பதற்றம் 2024 மே மாதத்தில் வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. சான்றிதழ் வியாபாரத்துக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது.

முதல் மாணவர்

லிங்க்ட்இனில் ஒரு கூகுள் ஃபார்ம் பார்த்தார், நிரப்பினார், அன்றே ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. நேர்முகம் இல்லை, தேர்வு இல்லை. நான்கு ‘டாஸ்க்’: ஒரு லேண்டிங் பேஜ், ஒரு கால்குலேட்டர், ஒரு டூ-டூ லிஸ்ட், செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் ஒரு பக்கம். ஏதாவது மூன்றை முடித்தால் போதும். முடித்ததைத் திரையோடு வீடியோ எடுத்து, நிறுவனத்தின் பெயரை டேக் செய்து லிங்க்ட்இனில் போட வேண்டும். எழுதிய நிரலை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கியூஆர் கோடு வைத்த சான்றிதழுக்குச் ‘சரிபார்ப்புக் கட்டணம்’ என்று ஒரு சின்னத் தொகை. அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. கதவு எண் கிடையாது.

இதை ஏமாற்று என்று சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தப் பையன் சோம்பேறி இல்லை. அதற்கு முன் பல நிறுவனங்களுக்கு எழுதிப் பார்த்தார். ஒரு பதிலும் வரவில்லை. ஐடியில் இருக்கும் சித்தப்பாவோ அத்தை மகனோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, தானாகப் பதில் அனுப்பும் அந்த ஃபார்ம்தான் ஒரே கதவு. வகுப்பில் பெரும்பாலானோர் இதே வழியில்தான் போனார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கோவை காந்திபுரம் பக்கம் போய், ஃபைனல் இயர் புராஜெக்ட் விற்கும் சென்டர்களிலேயே ‘டிரெய்னிங்கோடு இன்டர்ன்ஷிப்’ என்று ஒரு பேக்கேஜ் எடுத்தார்கள். மாணவர் கையிலிருந்து பணம் போகிறதென்றால் அது டியூஷன் கணக்கு. அதை அனுபவமென்று எழுதிக் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் பல்கலைக்கழகப் படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டம் எதுவும் இல்லை.

இரண்டாம் மாணவர்

இவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்லூரி ஆய்வகத்திலேயே ஒரு பயிற்சி நிறுவனம் நடத்திய ‘இன்ஹவுஸ்’ இன்டர்ன்ஷிப்பில் பெயர் கொடுத்தார். பகலில் வருகைப் பதிவு, மற்ற நேரமெல்லாம் ஆப்டிட்யூட் கணக்கும் லீட்கோடு தளத்தில் நிரல் பயிற்சியும். இதைத் திட்டமிட்டே செய்தார். பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து தரும் பெரிய சர்வீஸ் நிறுவனங்களின் முதல் சுற்று ஆன்லைன் தேர்வுதான், அங்கே இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்கு மதிப்பெண் இல்லை என்பதை சீனியர்களிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். அவர் கணக்குத் தப்பவில்லை. தேர்வில் வென்றார், நேர்முகத்தில் இன்டர்ன்ஷிப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை, வேலை கிடைத்தது. வேலையில் சேரும் தேதிக்காகக் காத்திருந்தது தனிக் கதை.

பள்ளிபாளையம் மாணவி

வீட்டில் நான்கு விசைத்தறி. முதல் பட்டதாரிச் சலுகையில் படித்தவர். சென்னையில் ஒரு ஸ்டார்ட்-அப் அவரை எடுக்கத் தயாராக இருந்தது, ஸ்டைபண்ட் இல்லாமல். ஓஎம்ஆர் பக்கம் பிஜி விடுதியில் தங்கிச் சாப்பிட ஆகும் மாதச் செலவு, அந்த வீட்டில் ஒரு மாதத் தறிக் கூலியில் பெரிய துண்டு. பணம் இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று அவரே சொன்னார். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை ‘வாய்ப்பு’ என்று எழுதுகிறவர்கள், அந்த மாதச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் தேவலை.

கடைசியில் அவர் போனது ஈரோட்டில் ஒரு மாடியறைக்கு. ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் கடை. உரிமையாளரையும் சேர்த்து நான்கு பேர். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இன்டர்ன்ஷிப்புக்கு அவர் வீட்டில் ஆன செலவு மதியச் சோற்று டப்பா மட்டும்தான். 2021-இல் வந்த இலவசப் பேருந்துத் திட்டம் ஒரு பொறியியல் மாணவியின் இன்டர்ன்ஷிப்பைச் சாத்தியமாக்கியதை எந்த அறிக்கையும் கணக்கில் எடுத்திருக்காது என்று நினைக்கிறேன்.

மென்பொருள் பழையது. விபி டாட்நெட், எஸ்கியூஎல் சர்வர். நிரலின் பழைய பதிப்புகளைக் காக்கும் கிட் (Git) கிடையாது, ‘பில்லிங் நியூ’, ‘பில்லிங் நியூ ஃபைனல்’, ‘பில்லிங் நியூ ஃபைனல் 2’ என்று ஃபோல்டர்கள். பாடத்திட்டத்தில் மைக்ரோ சர்வீஸ் வரை படித்துவிட்டுப் போனவருக்கு முதல் வாரம் சப்பென்று இருந்திருக்கிறது. இரண்டாம் வாரம் ஒரு புகார் வந்தது. கனி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரியின் ஆடிட்டர், மென்பொருள் காட்டும் வரித்தொகையும் தன் டேலி கணக்கும் மாத முடிவில் ஒத்துப்போகவில்லை என்றார். வித்தியாசம் சில ரூபாய்தான். அதைக் கண்டுபிடிக்கும் வேலையை இவரிடம் கொடுத்துவிட்டார் உரிமையாளர்.

பிரச்சினை இதுதான். துணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் விற்றால் 2.5 மத்திய வரி, 2.5 மாநில வரி. ஒரே பெட்ஷீட்டை மூன்று நிறத்தில் வாங்கினால் பில்லில் மூன்று லைன், ஒவ்வொன்றும் 345.50 ரூபாய் என்று வையுங்கள். 345.50-க்கு 2.5 சதவீதம் 8.6375, முழுமையாக்கினால் 8.64. மூன்று லைனுக்கு 25.92. மூன்றையும் முதலில் கூட்டி, 1,036.50-க்கு 2.5 சதவீதம் போட்டால் 25.9125, அதாவது 25.91. ஒரு காசு வித்தியாசம். மத்திய, மாநில வரி இரண்டிலும் சேர்த்து இரண்டு காசு. பில் தொகையை முழு ரூபாயாக்கும்போது அது 50 காசு விளிம்பில் நின்றால் அந்த இரண்டு காசு ஒரு ரூபாயாகிவிடும். நாற்பது லைன் பில், நாளுக்கு நூறு பில் என்று போனால் மாதக் கடைசியில் ஆடிட்டருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று நாள் ஆனது. முதலில் தசம எண் சேமிக்கும் முறையில்தான் தப்பு என்று நம்பி, டபுள் என்ற தோராய எண் வகை இருந்த இடத்தையெல்லாம் துல்லியமான டெசிமல் வகை ஆக்கினார். வகுப்பில் நாங்கள் சொல்லிக் கொடுத்த சந்தேகம் அது. விடை மாறவில்லை. பிறகு ஒரு பில்லைக் காகிதத்தில் லைன் லைனாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். தப்பு எங்கே என்று தெரிந்தது. சரி எது என்று தெரியவில்லை. லைனுக்கு லைன் முழுமையாக்குவதா, மொத்தத்தில் முழுமையாக்குவதா? உரிமையாளர் ஆடிட்டரின் எண்ணைக் கொடுத்து, “நீயே பேசு கண்ணு” என்றுவிட்டார். “லைன் லைனா ரவுண்ட் பண்ணாதீங்கம்மா, மொத்தத்துல பண்ணுங்க” என்றார் ஆடிட்டர். விஷயம் முடிந்ததென்று நிரலை மாற்றிக் காட்டியபோது உரிமையாளர் கேட்ட கேள்வியை அவர் அறிக்கையில் அப்படியே எழுதியிருந்தார்: “சரிங்கண்ணு, போன மாசப் பில்ல மறுக்கா பிரிண்ட் போட்டா என்ன வரும்?”

புதுத் தொகை வரும். வாடிக்கையாளர் கையில் இருக்கும் பழைய தாளில் ஒரு தொகை, கணினியில் இன்னொரு தொகை. பழைய பில்களுக்குப் பழைய கணக்கு, குறிப்பிட்ட தேதிக்குப் பிந்தையவற்றுக்குப் புதிய கணக்கு என்று பிரித்து எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்துக் கடையில் நிறுவியும் கொடுத்துவிட்டு வந்தார். கடைசி நாளில் உரிமையாளர் கவரில் 3,000 ரூபாய் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் எழுதும் நிரலுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் தேர்வாளர் வந்து அவுட்புட் பார்த்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், வேறொருவர் எழுதிய, மூன்றாம் மனிதர் ஒருவர் பிழைப்புக்கு நம்பியிருக்கும் நிரலில் கை வைக்கும் அனுபவத்தை வகுப்பில் உண்டாக்க எனக்குத் தெரிந்து வழியில்லை. இன்டர்ன்ஷிப்பில் இது கிடைத்தால் போதும். நிறுவனத்தின் பெயர், ஊர், கண்ணாடிக் கட்டடம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

வைவாவும் அதற்குப் பிறகும்

ஏழாம் செமஸ்டரில் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு மூவரும் பவர்பாயின்ட் ஸ்லைடுகளோடு வந்து நின்றார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். மூவருக்கும் அதே 2 கிரெடிட். கிரேடு யாருக்கு அதிகம் என்றால், ஆன்லைன் சான்றிதழ் வாங்கிய முதல் மாணவருக்கு. அவருடைய ஸ்லைடுகள் அழகாக இருந்தன. இணையப் பக்கம் எழுத உதவும் ‘ரியாக்ட்’ கருவியின் பெயர் நான்கு இடத்தில் வந்தது. பில்லிங் மென்பொருளைப் பார்த்த குழு உறுப்பினர் ஒருவர், “விபி எல்லாம் இப்ப யாரும்மா யூஸ் பண்றாங்க?” என்று கேட்டார். ஈரோட்டில் பாதிக் கடை, என்று பதில் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை.

கேம்பஸில் நிலைமை மாறியது, ஆனால் உடனே மாறவில்லை. முதலில் வந்த பெரிய நிறுவனத்தின் ஆப்டிட்யூட் சுற்றிலேயே மாணவி வெளியேறிவிட்டார். அதே சுற்றில்தான் இரண்டாம் மாணவர் தேறினார். அந்த நாளில் இந்த ஆய்வை முடித்திருந்தால், இன்டர்ன்ஷிப் நேர விரயம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். நவம்பரில் கோவையிலிருந்து, சொந்த மென்பொருளைச் செய்து விற்கும் ஒரு சின்ன புராடக்ட் நிறுவனம் வந்தது. அவர்கள் ரெஸ்யூமேயில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். முதல் மாணவரிடம் டூ-டூ லிஸ்டில் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும் என்று கேட்டதும் அந்த மாணவர் பதிலின்றி நின்றுவிட்டார். மாணவியிடம் அந்த இரண்டு காசுக் கதைதான் நேர்முகத்தின் பெரும்பகுதி. காகிதம் கேட்டு வாங்கி 8.6375 என்று எழுதிக் காட்டியிருக்கிறார்.

2025 ஜனவரி முதல் ஆறு மாத இன்டர்ன்ஷிப், மாதம் 15,000. திருப்தியாக இருந்தால் வேலை. எட்டாம் செமஸ்டரின் 10 கிரெடிட்டுக்கு இதையே கணக்கில் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அங்கேயும் ஓர் இடறல். புராஜெக்ட் ரிவ்யூவில் நிரலைக் காட்டச் சொன்னது எங்கள் குழு. நிரலை வெளியே காட்டக் கூடாது என்று நிறுவனத்தோடு ஒப்பந்தம். வரைபடங்களோடு அறுபது பக்க அறிக்கையும் வேண்டும். வேறு வழியில்லாமல், பகலில் நிறுவன வேலை, இரவில் கல்லூரிக்கென்று சம்பந்தமில்லாத இன்னொரு புராஜெக்ட் என்று நான்கு மாதம் ஓட்டினார். இப்போது அதே நிறுவனத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறார்.

முதல் மாணவர் பட்டம் வாங்கிய பிறகு சென்னை தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். அரசுத் திட்டத்தில் பட்டதாரிகளுக்கு மாத உதவித்தொகை உண்டு; 2019 விதிகளில் குறைந்தபட்சம் 9,000 என்று வைத்தார்கள். படிக்கும்போது தவறியதைப் படித்து முடித்த பிறகு பிடிக்க முடியும் என்பதை நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. இவர் தானாகத் தேடிக் கண்டுபிடித்தார்.

இதிலிருந்து எவ்வளவு தூரம் முடிவு கட்டலாம்

மூன்று பேரை வைத்து விதி எழுத முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. படியேறிப் போய் நான்கு கடைகளில் கேட்டு ஓர் இடம் பிடித்த பெண், இன்டர்ன்ஷிப் போகாமல் இருந்திருந்தாலும் ஏதோ ஒரு வழியில் மேலே வந்திருப்பார் என்று வாதிடலாம். ‘இன்டர்ன்ஷிப் போனவர்களுக்கு வேலை அதிகம் கிடைக்கிறது’ என்று கல்லூரி விளம்பரங்கள் காட்டும் கணக்குகளிலெல்லாம் இந்த ஓட்டை இருக்கிறது: முனைப்பானவர்கள்தான் போகிறார்கள். முனைப்பு வேலை வாங்கித் தந்ததா, இன்டர்ன்ஷிப் வாங்கித் தந்ததா என்று பிரிக்க முடியாது. ஆனால் அந்த நேர்முகத்தில் பேசுவதற்கு அவரிடம் ஒரு விஷயம் இருந்தது, அந்த விஷயம் முனைப்பிலிருந்து மட்டும் முளைத்திருக்காது. இந்த அளவுக்கு நான் உறுதியாகச் சொல்வேன்.

தேவையா என்ற கேள்விக்கு, எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். மொத்தமாக ஆள் எடுக்கும் சர்வீஸ் நிறுவனங்களுக்குத் தேவையில்லை. அந்த நான்கு வாரத்தை ஆப்டிட்யூடில் போடுவது புத்திசாலித்தனம். மறுமுனையில், பெரிய புராடக்ட் நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப்தான் நேர்முகமே. ஐஐடிகளில் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே அடுத்த கோடைக்கான தேர்வு நடக்கிறது. நன்றாகச் செய்தவர்களுக்கு இறுதியாண்டு கேம்பஸுக்கு முன்பே கையில் ஆஃபர். எங்கள் மாணவர்கள் ஆறாம் செமஸ்டர் முடிவில் தேடத் தொடங்கும்போது அந்தக் கதவு சாத்திப் பல மாதம் ஆகியிருக்கும்.

விதியாக வைப்பதென்றால் அதற்கு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதற்குப் பிட்ஸ் பிலானி நல்ல சான்று. 1973-இலிருந்து அங்கே ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ நடக்கிறது: இரண்டாம் ஆண்டு முடிந்து கோடையில் இரண்டு மாதம், பிறகு இறுதியாண்டில் ஐந்தரை மாதம். இன்டர்ன்ஷிப் இடத்தைக் கல்வி நிறுவனமே ஏற்பாடு செய்கிறது, மதிப்பீட்டில் ஆசிரியரும் பங்கெடுக்கிறார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியதே இந்த அடிப்படையில்தான். நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறி, ஐந்தாறு வேலைப் பருவங்கள். இரண்டு இடத்திலும் நாட்காட்டியே இன்டர்ன்ஷிப்புக்காக வளைக்கப்பட்டிருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலான ஏஐசிடிஇ-யின் மாதிரிப் பாடத்திட்டம் 600 முதல் 700 மணி நேரம் என்று எழுதிவைத்தது. நம் கல்லூரிகளில் கிடைப்பது பரீட்சைக்கும் பிளேஸ்மென்ட் டிரெய்னிங்குக்கும் நடுவில் ஒரு நான்கு வாரம். இடத்தை மாணவனே தேடிக்கொள்ள வேண்டும். தேடித் தராமல் கட்டாயம் மட்டும் வைத்தால், காலியிடத்தைக் கூகுள் ஃபார்ம் நிரப்பும்.

இடமே கிடைக்காதவர்களுக்கு நான் இப்போது சொல்வது ஓபன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் கிராமத்துப் பிள்ளைகள் ஒரு பைசா கொடுக்காமல் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு சின்னத் திருத்தத்தை அனுப்பி, முகம் தெரியாத ஒருவர் அதைத் திருப்பி அனுப்பி, மறுபடி எழுதி, கடைசியில் அது ஏற்கப்படுவது அந்த மாடியறைக்குப் பக்கத்தில் வரும் அனுபவம். கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-இலிருந்து இதற்குப் பணமும் தருகிறது. ஆனால் அது எல்லோருக்கும் எட்டாது, அதை நம்பிக் கோடையைக் காலியாக வைத்திருக்க வேண்டாம்.

அடுத்த வகுப்புக்குத் துறையில் மூன்று மாற்றம் நடந்தது. வைவாவில் ஸ்லைடுக்குப் பதில் கையால் எழுதிய ஒரு பக்கம்: நீங்கள் செய்ததை யார் பயன்படுத்தினார்கள், எது உடைந்தது, யாரிடம் போய்க் கேட்டீர்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் ஆளுக்கு ஆசிரியர் ஒருவர் போன் செய்து பேசுவார். இரண்டாவது, ஈரோட்டு பில்லிங் கடைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி அலுவலகங்கள், நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைகளின் கணக்குப் பிரிவுகள் என்று துறையே போய்க் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறது. கேட்டதில் பாதிப் பேர், “வந்து உக்காந்து பாக்கட்டுமுங்க, சம்பளமெல்லாம் கேக்கக் கூடாது” என்றார்கள். உள்ளூர் என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம். மூன்றாவது, எட்டாம் செமஸ்டர் இன்டர்ன்களுக்கு நிரலைக் காட்டாமல் ரிவ்யூ நடத்தவும் குழு ஒப்புக்கொண்டது. ஜூன் மாத பிளேஸ்மென்ட் டிரெய்னிங்கைத் தள்ளிவைத்தால் நான்கு வாரத்தை ஆறு வாரமாக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். பயிற்சி நிறுவனத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டாயிற்று, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று நிர்வாகம் பதில் சொல்லியிருக்கிறது.